தோசைக்கல்லும் போர்க்கவசமும்

ஒருநாள் இரவு எங்கள் வீட்டு இரும்புத் தோசைக்கல்லைக் கழுவி, துடைக்காமல் வைத்துவிட்டேன். காலையில் அதன்மேல் செம்பழுப்புத் துரு! தேக்கா கடைகளில் புதுத் தோசைக்கல்லைத் தொட்டால் எண்ணெய் ஒட்டுவது ஏன் என்று அப்போது புரிந்தது.

இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜன், நீர் இரண்டும் தேவை. எண்ணெய்ப் படலம் இரண்டையும் அண்டவிடாது. பழங்கால ஐரோப்பிய வீரர்களும் எஃகுக் கவசங்களுக்கு எண்ணெய் தடவியே காத்தார்கள். உப்பு துருவை விரைவுபடுத்தும். வியர்வையில் உப்பு இருப்பதால், அரும்பொருளகங்களில் கவசங்களைக் கையுறை அணிந்தே தொடுவார்கள்.

நம் ஊரிலோ காற்றிலேயே ஈரம். சிங்கப்பூர் ஆற்றின் குறுக்கே 1869இல் கட்டி முடிக்கப்பட்ட கேவனா பாலத்தின் இரும்பைக் காப்பது சாயப்பூச்சு. அது உரிந்தால், அந்த இடத்தில் துரு தொடங்கும். துரு பொரிந்து உதிரும். அடியில் உள்ள இரும்பு மீண்டும் வெளிப்படும். அதனால் அரிப்பு நிற்காது.

எவர்சில்வர் டம்ளருக்கு மட்டும் ஏன் எண்ணெயும் சாயமும் வேண்டாம்? அதில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் உண்டு. அது காற்றுடன் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலமாகிறது. கீறினாலும் படலம் தானாகவே மீண்டும் உருவாகும்.

செய்து பாருங்கள்: துத்தநாகம் பூசாத மூன்று இரும்பு ஆணிகளை எடுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் முழுவதும் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். மூன்றாவதில் பாதிக்கு மட்டும் தடவுங்கள். மூன்றையும் ஈரப்பஞ்சின்மேல் மூன்று நாள் வையுங்கள். மூன்றாவது ஆணியில் துரு எங்கே வரும்? முதலில் ஊகித்து எழுதிவிட்டுப் பாருங்கள்.