டிரைவர் ஆவணத்தில் ஒரு சொல்பிழை

பெரம்பலூரிலோ அரியலூரிலோ உட்கார்ந்துகொண்டே லினக்ஸ் கெர்னலுக்குப் பங்களிக்க முடியுமா? முடியும். நெட்வொர்க் கார்டு டிரைவர்களின் ஆவணங்களில் உள்ள மொழிப்பிழைகளைத் திருத்துவது அதற்கு நல்ல தொடக்கம். நெட்வொர்க் பகுதியைப் பராமரிப்பவர்கள், சும்மா கோடைச் சீர்படுத்தும் பேட்ச்களை ஊக்குவிப்பதில்லை. ஆனால் எழுத்துப்பிழை, இலக்கணப்பிழைத் திருத்தங்களுக்குத் தடையில்லைன்னு அவங்க விதிமுறையிலேயே இருக்கு.

பிழையில் ரெண்டு வகை. 'ரிசீவ்' என்ற ஆங்கிலச் சொல்லில் இ-யும் ஐ-யும் இடம் மாறுவது முதல் வகை. இதை 'செக்பேட்ச்' ஸ்கிரிப்டே பிடிச்சிடும்.

ரெண்டாவது, பொருள் குழம்பும் வாக்கியம். இன்டெல் இ1000 டிரைவரை எடுத்துக்குவோம். வரும் பாக்கெட்டுகளுக்கான டிஸ்கிரிப்டர் எண்ணிக்கை அதில் இயல்பாக 256. பெரும்பாலான கார்டுகளில் 4096 வரை கூட்டலாம். கூட்டினால் அதிக பாக்கெட்டுகளைத் தாங்கும், ஆனால் நினைவகமும் கூடுதலாகச் செலவாகும். இந்த இடத்தில் "கூட்டினால் அது அதிகமாகும்" என்று மொட்டையாக இருந்தால், 'அது' எது? ஊகிச்சுத் திருத்தினா இலக்கணம் சரியாகும், தகவல் தப்பாகும். அதனால முதல்ல டிரைவர் கோடைப் படிக்கணும். கார்டு கையில இருந்தா 'ஈத்டூல்' கட்டளையால அளவை மாற்றிப் பார்க்கணும்.

அப்புறம் உங்கள் பெயரில் ஒப்புதல் வரி சேர்த்து மின்னஞ்சலில் அனுப்பலாம். யாருக்குன்னு 'கெட் மெயின்டெய்னர்' ஸ்கிரிப்ட் சொல்லும்.

எழுத்துப்பிழையைப் பார்த்தா வாசகர் உஷாராயிடுவார். அழகான தப்பு வாக்கியத்தை அப்படியே நம்பிடுவார். ராத்திரி சர்வர் திணறும்போது அவர் கையில் இருப்பது அந்த ஒரு வரிதான்.