தொட்டிக்குள் நள்ளிரவுக் "கொலை"! 4 மீன்கள் மாயம், பூனைக்கு வீண்பழி

சென்னை அயனாவரத்தில் ஒரு வாடகை வீடு. கூடத்தில் புத்தம் புதிய மீன் தொட்டி. மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரம். உள்ளே பச்சைப் பசேல் என்று செடிகள். குமாஸ்தா ஒருவர், மகளின் பிறந்த நாளுக்காகச் சீட்டுப் பணத்தில் வாங்கி வைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு கொளத்தூர் வண்ண மீன் கடைகளுக்குப் போனார். "அதுல ரெண்டு, இதுல ரெண்டு" என்று பாப்பா கை காட்டினாள். நியான், கார்டினல், ஏஞ்சல், டைகர் பார்ப், கப்பி, தங்க மீன். இனத்துக்கு ஒரு ஜோடி, மொத்தம் 12.

புதன்கிழமை காலை எண்ணிப் பார்த்தால் 8 தான் இருந்தன. நியான் இரண்டும் கார்டினல் இரண்டும் காணோம்! முள்கூட மிச்சமில்லை. தொட்டி மூடி லேசாக விலகியிருந்தது. பக்கத்து வீட்டுப் பூனை மேல் சந்தேகம் விழுந்தது. துடைப்பத்தால் அடியும் விழுந்தது. பாப்பா அன்று சாப்பிடவில்லை.

குற்றவாளி உள்ளேயே!

கடைக்குப் போய்ச் சத்தம் போட்டபோதுதான் துப்பு துலங்கியது.

"ஏஞ்சல் என்ன சைஸ் சார்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"உள்ளங்கை அளவு இருக்கும்."

"அப்ப பூனையை விட்டுடுங்க சார்!"

ஏஞ்சல், நியான், கார்டினல் மூன்றுக்குமே பூர்வீகம் தென் அமெரிக்காதான். ஏஞ்சல் பார்க்கச் சாது. ஆனால் வாயில் அடங்குகிற எதுவும் அதற்கு இரை. நியானோ ஒன்றரை அங்குலம்தான். விளக்கை அணைத்ததும் சின்ன மீன்கள் அசையாமல் ஓய்வெடுக்கும். அந்த இருட்டில்தான் ஏஞ்சலின் கைவரிசை!

கொலையாளியும் தப்பவில்லை. ஏஞ்சலின் நீண்ட துடுப்பு கிழிந்திருந்தது. கப்பியின் வாலும் கந்தல். அது டைகர் பார்ப்பின் வேலை. தங்க மீன்கள் தம் பங்குக்குச் செடிகளைக் கடித்துக் குதறியிருந்தன.

ஜோடிக் கணக்கு தப்பு

"ஜோடியா விட்டா சந்தோஷமா இருக்கும்னு நெனைக்கிறாங்க. புறாவுக்குச் சரி சார். கூட்டமா திரியுற மீனுக்கு ஜோடி போதாது" என்றார் கடைக்காரர்.

நியான், கார்டினல் போன்றவை கூட்டத்தை நம்பி வாழ்பவை. பல கண்கள் இருந்தால் எதிரி வருவது சீக்கிரம் தெரியும். கும்பலில் எதைப் பிடிப்பது என்று எதிரியும் குழம்பும். இரண்டே இரண்டாக விட்டால் பயந்து செடிக்குள் பதுங்கும். நிறம் வெளுக்கும், தீனி எடுக்காது. குறைந்தது 6 வேண்டும். 10, 12 என்றால் இன்னும் நல்லது.

டைகர் பார்ப் கதை வேறு. எட்டுப் பத்து சேர்ந்தால் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே மல்லுக்கட்டும். இரண்டு மட்டும் இருந்தால் அடுத்தவன் வாலைக் கடிக்கும். கூட்டமாக இருந்தாலும் நீண்ட துடுப்புள்ள மீன்களோடு அதைச் சேர்க்கக் கூடாது.

எதை வாங்கலாம்?

பல இனத்தில் இரண்டிரண்டு வாங்குவதைவிட, ஒன்றிரண்டு இனத்தில் கூட்டமாக வாங்குவதே செடித் தொட்டிக்கு அழகு. மீனுக்கும் அதுதான் நிம்மதி.

சென்னை வெயிலுக்கு நியானைவிடக் கார்டினல் சற்றுத் தாங்கும். அடையாளம் எளிது. நியானுக்குச் சிவப்புக் கோடு பாதி உடம்பில் தொடங்கும். கார்டினலுக்குத் தலையிலிருந்து வால் வரை ஓடும். இரண்டுக்கும் உப்புத் தண்ணீர் ஆகாது. போர் தண்ணீர் வீடுகளுக்கு வரிக்குதிரை போலக் கோடு போட்ட சீப்ரா டேனியோ ஏற்றது. அது நம் நாட்டு மீன். இலங்கையின் செர்ரி பார்ப்பும் செடித் தொட்டிக்குப் பொருத்தமான சாது.

செடிகளைப் பின்புறமும் ஓரங்களிலும் நட வேண்டும். நடுவில் நீந்த இடம் விட வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதற்கான மருந்து கலந்த பிறகே மீன் விட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை: புதுத் தொட்டியில் உடனே மீனை நிரப்பக் கூடாது. கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா மீனுக்கு விஷம். அதை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதன் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மீன் சேர்க்க வேண்டும்.

எண்ணிக்கை சரி!

மிச்சமிருந்த மீன்களைக் கடைக்காரரே திரும்ப எடுத்துக்கொண்டார். ஒன்றரை மாதம் பொறுத்து, தவணை தவணையாக வாங்கியது 12 கார்டினல். தரையோரம் மேய 6 கோரி. இரண்டே இனம்.

செடிகளுக்கு நடுவே சிவப்பும் நீலமுமாக ஒரே கூட்டமாகத் திரும்புகிறது கார்டினல் பட்டாளம். பள்ளிக்கூடம் கிளம்பும் முன் பாப்பா தினமும் எண்ணுகிறாள். கணக்கு இதுவரை குறையவில்லை.

அடி வாங்கிய பூனைக்கு இப்போது தினமும் ஒரு கிண்ணம் பால். பாப்பாவின் உத்தரவு!