டீம் லீடர் வேண்டும், தலையாட்டி பொம்மைகள் வேண்டாம்!

நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடைக்கு எங்கள் டீம் பில்லிங் சாப்ட்வேர் எழுதிக் கொடுத்தது. ஐந்து புரோகிராமர்கள், நான் டீம் லீடர். எந்த முடிவானாலும் என்னைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்பது நான் வைத்த விதி. ஓணம் விற்பனை சூடுபிடித்த வாரத்தில் கடையிலிருந்து போன் வந்தது. பில் தொகை தப்பு என்று வாடிக்கையாளர்கள் கவுண்டரில் சண்டை போடுகிறார்களாம்.

காரணம் சின்னதுதான். ஒவ்வொரு பொருளின் வரியையும் தனித்தனியே முழு ரூபாயாக்கும்படி நான் சொல்லியிருந்தேன். வரி ரூ.12.60 என்றால் ரூ.13 ஆகிவிடும், 40 பைசா கூடுதல். அப்படி 10 பொருள் வாங்கினால் 4 ரூபாய் கூடுதல். பில் மொத்தத்தில் ஒரே ஒருமுறை முழு ரூபாயாக்கியிருந்தால் பிரச்சினையே வந்திருக்காது.

புரோகிராமை அன்றே சரி செய்துவிட்டோம். ஆனால் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் இந்தத் தவறை முன்பே கவனித்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. "ஏம்மா சொல்லவில்லை?" என்று கேட்டேன். "நீங்க முடிவு பண்ணிட்டீங்க சார். அப்புறம் நான் எப்படி சொல்றது?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அன்றுதான் யோசித்தேன். மேலே ஒருவர், கீழே நால்வர் என்ற அடுக்கு இல்லாமல் சாப்ட்வேர் எழுதவே முடியாதா?

பெயர்தான் பாஸ்!

தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய லேப்டாப்களில் 'பாஸ் லினக்ஸ்' இருந்ததைச் சிலர் பார்த்திருப்பீர்கள். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. பெயர் 'பாஸ்' என்றாலும், அதற்கு அடிப்படையான டெபியன் லினக்ஸில் அதட்டி வேலை வாங்கும் பாஸ் யாரும் கிடையாது!

1993-ல் தொடங்கிய டெபியனை உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் உருவாக்குகிறார்கள். 2023 செப்டம்பரில் அவர்களுடைய ஆண்டு மாநாடு நமக்குப் பக்கத்தில், கொச்சியில்தான் நடந்தது. இதற்கு ஒரு தலைவர் உண்டு; ஆண்டுதோறும் டெவலப்பர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் 'இந்த வேலையைச் செய்' என்று அவர் யாருக்கும் உத்தரவிட முடியாது. தலைவரின் முடிவையே ஓட்டெடுப்பு நடத்தி மாற்றும் உரிமையும் டெவலப்பர்களுக்கு இருக்கிறது. ஒவ்வொரு சாப்ட்வேர் தொகுப்புக்கும் ஒரு பொறுப்பாளர் அல்லது ஒரு சிறு குழு இருக்கும். அந்தத் தொகுப்பு பற்றிய அன்றாட முடிவுகள் அவர்களுடையவை.

ஆக, அங்கே அடுக்கு இல்லையே தவிர, விதி இருக்கிறது. யார் எதை முடிவு செய்யலாம் என்று 1998-லேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

சண்டை வந்தால்?

வரத்தான் செய்யும். கம்ப்யூட்டர் பூட் ஆகும்போது மற்ற புரோகிராம்களைத் தொடங்கி வைப்பது எது என்பதில் 2014-ல் டெபியனில் பெரிய சண்டை. 8 பேர் கொண்ட தொழில்நுட்பக் குழுவில் ஓட்டுகள் சமமாகப் பிரிய, குழுத் தலைவரின் கூடுதல் ஓட்டால் 'சிஸ்டம்டி' தேர்வானது. மனக்கசப்பில் சிலர் பதவி விலகினார்கள். 'டெவுவான்' என்ற தனி லினக்ஸும் பிறந்தது. ஆனாலும் டெபியன் நின்றுவிடவில்லை. முட்டுக்கட்டை விழுந்தால் முடிவு எடுப்பது யார் என்பது முன்பே தெரிந்திருந்ததுதான் காரணம்.

நாங்கள் மாற்றியவை

1. பில், ஸ்டாக், ரிப்போர்ட் என ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவர் பொறுப்பு. அந்தப் பகுதியில் கடைசி வார்த்தை அவருடையது, என்னுடையது அல்ல.

2. நான் எழுதும் கோடையும் இன்னொருவர் சரிபார்த்த பிறகுதான் சேர்ப்போம். புதிதாக வந்தவரும் 'வேண்டாம்' என்று நிறுத்தலாம். காரணம் மட்டும் சொல்ல வேண்டும்.

3. மீட்டிங்கில் அனுபவம் குறைந்தவர் முதலில் பேசுவார். நான் கடைசியில். லீடர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்கள் தலையாட்டத்தான் செய்வார்கள்.

4. இரண்டு நாளில் ஒத்த கருத்து வராவிட்டால் பகுதிப் பொறுப்பாளர் முடிவு செய்வார். முடிவையும் காரணத்தையும் எழுதி வைப்போம்.

இதில் கஷ்டமும் உண்டு. முன்பு ஐந்து நிமிடத்தில் நான் சொல்லி முடித்த விஷயம் இப்போது அரை மணி நேரம் இழுக்கிறது. என் யோசனை தோற்கும்போது முகம் சுருங்காமல் இருக்கவும் பழக வேண்டியிருந்தது. ஒன்றை மட்டும் நான் பிரித்துக் கொடுக்கவில்லை. கடைக்காரர் திட்டினால் வாங்கிக்கொள்வது டீம் லீடர்தான்!

போன மாதம் அதே பெண் என் கோடில் ஒரு பக் கண்டுபிடித்து, "இதைச் சேர்க்க முடியாது சார்" என்று திருப்பி அனுப்பினார். கடைக்குப் போவதற்கு முன்பே ஒரு தவறு பிடிபட்டது.

கல்லூரி புராஜெக்டை நான்கு நண்பர்கள் சேர்ந்து செய்கிறீர்களா? கோடிங்கைத் தொடங்கும் முன், எதை யார் முடிவு செய்வது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எல்லா வரியிலும் ஒரே பெயர் வந்தால், அந்தத் தாளைத்தான் முதலில் திருத்த வேண்டும்.