செயலிக்குத் தெரியாத வேறுபாடு

"செயலிக்கு ஆண், பெண் எண்டு தெரியுமா? கூலி எல்லாருக்கும் ஒண்டுதானே" என்றா ராத்தா. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அமெரிக்காவில் 10 லட்சத்துக்கும் அதிகமான ஊபர் சாரதிகளின் வருமானத்தைப் பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். கூலிச் சூத்திரம் ஒன்றேதான். ஆனாலும் மணித்தியாலத்துக்கு ஆண்கள் சுமார் 7 வீதம் கூடுதலாக உழைத்திருந்தார்கள். வேகமாக ஓட்டியதும், ஓடிய இடங்களும் காரணம். கூடிய நேரம் ஓடிச் சேர்த்த அனுபவமும் காரணம்.

பிள்ளைகள் உறங்கிய பிறகே இணையத் தட்டச்சு வேலைக்கு உட்காரும் ராத்தாவுக்கு அந்த நேரம் எங்கிருந்து வரும்? சட்டப்படி ஊழியராக இருந்தால் தொழில்தருநர் சேமலாப நிதிக்கு 12 வீதம் கட்டவேண்டும், 84 வேலைநாள் பிரசவ லீவும் உண்டு. அவவோ 'சுயாதீன ஒப்பந்தக்காரர்'. கடைசிப் பிள்ளைக்கு நாற்பது கழியுமுன்னமே மடிக்கணினியைத் திறந்துட்டா.