நிமிர்த்திப் பிடித்த கைப்பேசியும் பால்மரமும்

கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்துக் காணொளி எடுப்பவரைக் கண்டதும், ‘படுக்கப் போட்டுப் பிடிங்க’ என்று திருத்துகிற ஒருவர் எந்தக் கல்யாண வீட்டிலும் இருப்பார். கேமரா தெரிந்தவர் என்ற மரியாதையும் அவருக்கு உண்டு. மேடை, மணமக்கள், இருபுறமும் வரிசையாக நிற்கும் உறவுகள் என்று விரிந்து கிடக்கும் மண்டபத்துக்கு அவர் சொல்வது சரிதான். ஆனால் பேராக் மாநிலத்தில், ஈப்போவைச் சுற்றியும் சுங்கை சிப்புட், கோலகங்சார், பத்து காஜா பக்கமும், ரப்பர் தோட்ட வாழ்க்கையின் மிச்சங்களைப் படம்பிடித்து வைக்க நினைப்பவருக்கு அது பல நேரங்களில் தவறான யோசனை. எதிரே இருக்கும் பொருளின் வடிவமும், அந்தப் படத்தைப் பிறகு எந்தத் திரையில் பார்க்கப் போகிறார்கள் என்பதும்தான் சட்டகம் நிற்க வேண்டுமா படுக்க வேண்டுமா என்பதை முடிவு செய்ய வேண்டும். இரண்டையும் கணக்கில் எடுத்தால், தோட்டப்புறத்தில் பெரும்பாலும் நெட்டுவாக்குச் சட்டகமே ஜெயிக்கிறது.

பால்மரத்தையே எடுத்துக்கொள்வோம். 1877இல் கோலகங்சாரில் ஒன்பது ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அவற்றில் ஒன்று என்று போற்றப்படும் மரத்தை வேலி போட்டுக் காத்து வருகிறார்கள். அதன்பின் மாநிலம் முழுவதும் நிரை நிரையாக நின்ற மரங்களில் தமிழர் செய்த வேலை, அடிப்படையில் மேலிருந்து கீழே இறங்குகிற வேலை. ஒட்டுக்கட்டிய மரத்தில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்தில் முதல் வெட்டு விழும். பாதிச் சுற்றளவுக்கு, இடது மேலிருந்து வலது கீழாகச் சரியும் வெட்டு அது. ஒவ்வொரு முறையும் மெல்லிய சீவலாகப் பட்டை போகும். வெட்டுக்கோடு சிறிது இறங்கும். சில ஆண்டுகளில் அது அடிமரத்தை எட்டியதும் மறுபக்கத்தில் தொடங்குவார்கள். முதிர்ந்த மரத்தில் மேல்நோக்கியும் வெட்டுவதுண்டு. அதற்கு ஏணியோ நீளப் பிடி போட்ட கத்தியோ வேண்டும். இதனால் பழைய வெட்டுமரம் ஒன்றை மேலிருந்து கீழே பார்த்தால், எங்கே தொடங்கினார்கள், எந்த உயரத்தில் கத்தி ஆழமாக இறங்கி மரத்தைக் காயப்படுத்தியது, எந்த இடத்தில் புதுப்பட்டை வழவழப்பாக வளர்ந்தது என்பதெல்லாம் வரிசையாகத் தெரியும். கத்தி பட்ட இடத்தில் துளிர்க்கும் பால் கோட்டில் சரிந்து, தகரப் பீலி வழியாக மங்கு எனும் கிண்ணத்தில் சொட்டும் முழு ஓட்டமும் நெட்டுவாக்குச் சட்டகத்தில் ஒரே காட்சியாக அடங்கும். படுக்கைவாக்கில் எடுத்தால் கத்தியைக் காட்டும்போது மங்கு விட்டுப்போகும். இரண்டையும் சேர்க்கப் பின்னால் நகர்ந்தால் மரம் ஒல்லிக் கோடாகி, இருபக்கமும் வெறும் புதர்தான் நிறையும். கத்தி பிடித்த மணிக்கட்டு எப்படித் திரும்புகிறது என்பது, அதாவது அந்தத் தொழிலின் நுட்பமே, அவ்வளவு தூரத்திலிருந்து தெரியாது.

மரத்துக்குப் பொருந்துவது மனிதருக்கும் பொருந்தும். கையைத் தொங்கவிட்டு நிற்கும் ஆளின் உயரம் அவர் அகலத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல். தலை முதல் கால் வரை அவரைச் சட்டகத்தின் உயரத்துக்கு நிரப்பினால், பதினாறுக்கு ஒன்பது என்ற வழக்கமான அகலத் திரையில் அவர் பிடிப்பது ஆறில் ஒரு பங்கு அகலம்தான். அதே திரையை நிமிர்த்தினால் பாதி அகலம் அவருடையது. தைப்பூசத்தன்று ஈப்போவில் குனோங் சீரோ மலையடியில் இருக்கும் கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயத்துக்குக் காவடி எடுத்து வருபவரை நினைத்துப் பாருங்கள்: தலைக்கு மேல் எழும் மயிற்பீலி வளைவு, நடுவில் முகம், கீழே தார்ச்சாலையில் வெறுங்கால், பின்னால் செங்குத்தாக எழும் சுண்ணாம்புக்கல். அந்தக் காட்சியில் அகலமாக எதுவுமே இல்லை. பத்து காஜா அருகே, வில்லியம் கெல்லி ஸ்மித் 1926இல் இறந்ததும் பாதியில் நின்றுபோன மாளிகையின் ஆறு மாடிக் கோபுரமும் அப்படித்தான். அதைக் கட்டத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்களுக்காக எழுந்த மாரியம்மன் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. 1885இல் கட்டிய தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரத்தில் நெட்டுவாக்குக்கு இன்னொரு வசதியும் உண்டு. சட்டகத்தின் நீண்ட ஓரங்கள் கோபுரத்துக்கு அருகே நேராக நிற்பதால், சாய்வு பளிச்சென்று கண்ணில் படும். (கைப்பேசியே சாய்ந்துவிட்டால் அவ்வளவுதான்!)

‘மனிதனுக்குக் கண்கள் அருகருகேதானே இருக்கின்றன’ என்பது பலரும் சொல்லும் மறுப்பு. இரு கண்ணும் சேர்ந்து பக்கவாட்டில் ஏறத்தாழ இருநூறு பாகை வரை காணும், மேலும் கீழும் நூற்று முப்பது பாகை அளவுக்குக் காணும் என்பது உண்மைதான். ஆனால் அந்த விகிதம் மூன்றுக்கு இரண்டு; பதினாறுக்கு ஒன்பது அல்ல. தவிர, அந்தப் பரப்பில் கண் கூர்மையாகக் காண்பது நடுவில் உள்ள ஓரிரு பாகையை மட்டுமே. மற்றதைப் பார்வையை நகர்த்தி நகர்த்தித்தான் அறிகிறோம். அகலத் திரை கண்ணின் கட்டளைப்படி வந்ததும் அல்ல. எடிசனின் ஆய்வுக்கூடத்தில் 1890களில் உருவான படச்சுருள் சட்டகம் நான்குக்கு மூன்று. வீட்டுக்குள் தொலைக்காட்சி நுழைந்து திரையரங்குக் கூட்டத்தை இழுக்கத் தொடங்கியபோது, வீட்டில் கிடைக்காததைக் கொடுக்க வேண்டும் என்ற வியாபாரக் கணக்கில்தான் ஹாலிவுட் 1953இல் சினிமாஸ்கோப்பை இறக்கியது. அதற்கும் முன்பே, 1930இல், ரஷ்ய இயக்குநர் செர்கேய் ஐசன்ஸ்டைன் ஹாலிவுட்டுக்கே போய், மரமும் புகைபோக்கியும் நிமிர்ந்த உடலும் திரையில் இடமின்றித் தவிக்கின்றன என்ற பொருளில் வாதிட்டுச் சதுரத் திரையைக் கேட்டார். கேட்டவர்கள் ரசித்திருக்கலாம், யாரும் திரையை மாற்றவில்லை. திரையரங்கின் அகலச் சுவரையும் மாடியிருக்கைகளையும் யார் இடித்துக் கட்டுவது?

தொலைக்காட்சியில் போட்டால் இருபக்கமும் கறுப்புப் பட்டை விழுகிறதே என்ற மறுப்புக்கு இன்னும் வலு உண்டு. அகலத் திரையில் நெட்டுவாக்குக் காணொளி மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான பரப்பையே நிரப்பும். ஆனால் நிமிர்த்திப் பிடித்த கைப்பேசியில் படுக்கைவாக்குக் காணொளியும் சரியாக அதே அளவைத்தான் நிரப்புகிறது. ஆகவே யார், எதில் பார்க்கிறார்கள் என்பதே கேள்வி. பார்ப்பவர்களில் பலர் இன்று தோட்டத்தில் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது அதைத் தடுக்க சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது காப்பாற்றிய தோட்டங்கள் சில; செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறியவை எத்தனையோ. அங்கிருந்து பெயர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் பரவிக் கிடக்கிறார்கள். பாட்டி பால் வெட்டிய மரத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில்தான் அவர்கள் பார்ப்பார்கள், அதுவும் ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு. பெரிய கேமராவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்பதை 2020இல் நாடே பார்த்தது: தோட்ட வேலை செய்துவந்த சுங்கை சிப்புட் தம்பதி சுகு–பவித்ரா எளிய மலாயில் பேசி எடுத்த சமையல் காணொளிகளை அன்றைய பிரதமரே தம் உரையில் குறிப்பிட்டார்.

அப்படியானால் அகலமாக எடுத்து வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் நடுவை வெட்டி நெட்டுவாக்காக்கிக் கொள்ளலாமே என்பார்கள். வெட்டினால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் படம் குப்பைக்குப் போகும், மிஞ்சுவது மங்கலாகும். படம் மங்குவதைவிடப் பெரிய நஷ்டம், நடுவில் ஆள் இருக்க வேண்டும் என்று யோசித்து யாரும் எடுத்திருக்கமாட்டார்கள் என்பது. நெட்டுவாக்கில் எடுப்பதற்கும் ஒழுங்கு வேண்டும். கையை இடமும் வலமும் வீசக்கூடாது. அந்த ஒல்லிச் சட்டகத்தில் அது தலைசுற்ற வைக்கும். மேலிருந்து கீழே மெதுவாக இறக்கலாம். இருவர் பேசினால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்காமல் ஒருவரைச் சற்றுப் பின்னால் நிறுத்தலாம். முகத்தைச் சட்டகத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில் வைத்தால், கீழே செயலிகள் அப்பும் பொத்தான்களும் எழுத்துகளும் வாயை மறைக்காது.

நெட்டுவாக்கு தோற்கும் இடமும் தோட்டத்திலேயே இருக்கிறது. ஒல்லிச் சட்டகம் பக்கத்தில் இருப்பதை மறைத்துவிடும்: ஒருவரைக் காட்டும், அவர் அண்டை வீட்டாரைக் காட்டாது. தோட்டத்தில் யாரும் தனியாக வாழவில்லை. லயம் என்பது ஒரே கூரைக்கடியில் சுவரோடு சுவராக நீண்டு கிடக்கும் வீடுகளின் வரிசை; காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் நின்றதும் வரிசையாகத்தான். திடலில் நின்று முழு லயத்தையும் பிடிக்க வேண்டுமானால் கல்யாண வீட்டு ஆள் சொன்னதைக் கேட்டுக் கைப்பேசியைப் படுக்கப் போட வேண்டியதுதான். அது முடிந்ததும் வீடுகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடையின் ஒரு முனைக்குப் போய் அதன் நீளத்தை நோக்கி நின்றால், கதவுக்குப் பின் கதவாக ஒடுங்கிப் போகும் அந்த நடைக்கு நிமிர்ந்த சட்டகமே மறுபடி பொருந்தும்.