குடல் தூங்கிவிட்டால் என்ன ஆகும், தெரியுமா?

வயிற்று ஆபரேஷன் முடிந்த மறுநாள், ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் எதை ஆவலோடு விசாரிப்பார் தெரியுமா? ‘காற்று பிரிஞ்சுதா?’ கூச்சத்தில் நெளியாதீர்கள்! குடல் கண்விழித்ததற்கு அதுதான் அத்தாட்சி!

குடல்கூடத் தூங்குமா? தூங்கும்! வயிற்றைத் திறந்து கைவைத்தாலே அசைவு நின்றுவிடும். சிறுகுடல் சில மணி நேரத்தில் எழுந்துவிடும். இரைப்பைக்கு 1 அல்லது 2 நாள். பெருங்குடல்தான் கும்பகர்ணன், 2 முதல் 3 நாள்!

அந்தத் தூக்கத்தை இன்னும் நீட்டுவது யார் தெரியுமா? வலி தெரியாமலிருக்கக் கொடுக்கும் மார்பின், ஃபென்டனில் போன்ற அபின் வகை மருந்துகளேதான்! குடல் சுவரில் 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் இருக்கின்றன. அபின் சாவி பொருந்தும் பூட்டு மூளையிலும் உண்டு, அங்கேயும் உண்டு. மூளையில் வலி அடங்கும். குடலில் அசைவு அடங்கும்!

வயிற்றுப்போக்கு நிற்க விழுங்குகிறோமே லோபரமைடு, அதுவும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் என்பது தெரியுமா? மூளைக்குள் நுழையப் பார்த்தால் வாசலிலேயே பிடித்து வெளியே தள்ளிவிடும் ஏற்பாடு உடம்பில் இருக்கிறது. அதனால் வழக்கமான அளவில் போதை இல்லை, குடல் மட்டும் அடங்கும். மார்பினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியமுள்ள ஃபென்டனில் பிறந்ததும் லோபரமைடு பிறந்த அதே கம்பெனியில்தான், பெல்ஜியத்தின் பால் யான்சனுடையது!

சரி, அபின் வகை ஒரு சொட்டுகூட இல்லாமல் வயிற்றைத் திறக்க முடியுமா? முடியும்! தூங்கவைக்க வழக்கமான மயக்க மருந்து. வலியைப் பார்த்துக்கொள்ள ஒரு கூட்டணி! டெக்ஸ்மெடிடோமிடின் தரும் தூக்கத்திலிருந்து, தட்டினால் எழுந்து பதில் சொல்லலாம். நாய், பூனைக்கும் இதைப் போடுகிறார்கள்! கெட்டமின், வியட்நாம் போரில் காயம்பட்ட வீரர்களுக்குப் போட்டது. மக்னீசியம் சல்ஃபேட் எது தெரியுமா? அட, நம்ம பேதி உப்பு! விழுங்கினால் பேதி, நரம்பில் ஏற்றினால் வலிக்கு அணை! போதாததற்கு வயிற்றுத் தசை அடுக்குகளுக்கு நடுவே, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே, மரத்துப்போக ஓர் ஊசி!

கூட்டணியில் இன்னொருவர் லிக்னோகெயின். இது கிடைத்த கதை தெரியுமா? 1930-களில் ஸ்வீடனின் ஹோல்கர் எர்ட்மன், பார்லிச் செடியில் உள்ள ஒரு பொருளைச் செயற்கையாகத் தயாரிக்கப் போனார். வந்தது வேறொன்று! சும்மா இருந்தாரா? நாக்கில் வைத்து ருசி பார்த்தார்! (அந்தக் காலத்து வேதியியலாளர்களுக்கு இது சகஜம். நீங்கள் செய்துவிடாதீர்கள்!) நாக்கு மரத்துப்போனது! அந்த நூலைப் பிடித்துக்கொண்டு நில்ஸ் லொஃப்கிரேன் வரிசையாகச் சேர்மங்களைச் செய்து பார்த்தார். 1943-இல் லிக்னோகெயின் பிறந்தது. தன் உடம்பிலேயே குத்திச் சோதித்தவர் கூட்டாளி பெங்ட் லுண்ட்க்விஸ்ட்!

வெறும் மரப்பு ஊசியில் எவ்வளவு தூரம் போகலாம்? 1961 ஏப்ரல் 30, அண்டார்டிகா. சோவியத் முகாமின் ஒரே டாக்டர் லியோனித் ரோகோசோவுக்குக் குடல்வால் அழற்சி! வயது 27. வயிற்றுச் சுவரில் நோவோகெயினைப் போட்டுக்கொண்டு தன் வயிற்றைத் தானே கிழித்தார்! கண்ணாடி பிடிக்க ஒருவர், கருவி எடுத்துக் கொடுக்க ஒருவர், இருவருமே டாக்டர் இல்லை! 1 மணி 45 நிமிடம்! இரண்டே வாரத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டார்!

அப்படியானால் அபினை வழியனுப்பிவிடலாமா? அவசரம் வேண்டாம்! பிரான்சில் நடந்த ஓர் ஆய்வு 2021-இல் வெளியானது. அபின் வகையான ரெமிஃபென்டனில் ஒரு பக்கம், டெக்ஸ்மெடிடோமிடின் மறுபக்கம். டெக்ஸ்மெடிடோமிடின் பக்கத்தில் குமட்டலும் வாந்தியும் குறைந்தன, நிஜம். ஆனால் 5 பேருக்கு இதயத்துடிப்பு ஆபத்தான அளவுக்குச் சரிந்தது! ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள்! என்னைக் கேட்டால், அபினில்லா ஆபரேஷன் என்று யாராவது சொன்னால் இரண்டு தடவை யோசிப்பேன்.

குடலை எழுப்ப சூயிங்கம் போதுமா? சிரிக்காதீர்கள்! ஜப்பானில் 19 நோயாளிகளிடம் நடந்த சிறிய சோதனை, 2002-இல் வெளியானது. பெருங்குடல் ஆபரேஷனுக்குப் பின் தினம் 3 வேளை மென்றவர்களுக்குச் சராசரியாக 2.1 நாளில் காற்று பிரிந்தது. மெல்லாதவர்களுக்கு 3.2 நாள்! பின்னால் வந்த பெரிய ஆய்வுகளில் இந்த ஜாலம் கொஞ்சம் வெளுத்துவிட்டது என்பது வேறு விஷயம். சூட்சுமம் என்ன தெரியுமா? வாய் மெல்வதைப் பார்த்து ‘சோறு வருது!’ என்று குடல் ஏமாந்துபோகிறதாம்!