நாளை மறுநாள் மாறுவேடம்!

“அம்மா, வெள்ளிக்கிழமை மாறுவேடப் போட்டியாம். டீச்சர் சொல்லச் சொன்னாங்க.”

புதன்கிழமை ராத்திரி, பாயை விரித்து விளக்கை அணைக்கப் போகும் சமயத்தில்தான் குழந்தைக்கு இந்தச் சமாசாரம் ஞாபகம் வரும். டீச்சர் எழுதியனுப்பிய சீட்டு நான்கு நாளாகப் புத்தகப் பையின் அடியில் கசங்கிக் கிடந்திருக்கும். இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பிலும் செய்தி வந்துவிடுகிறதே என்பீர்கள். வருகிறது, ஆனால் அதுவும் ஐம்பது ‘குட்மார்னிங்’குகளுக்கு அடியில் புதைந்துதான் கிடக்கிறது.

வீட்டில் உடனே மந்திராலோசனை கூடுகிறது. “கட்டபொம்மன் போடு, கம்பீரமா இருக்கும்” என்கிறார் தாத்தா. “கிருஷ்ணன்தான் குழந்தைக்குப் பொருத்தம்” என்கிறாள் பாட்டி. “சுலபமா ஏதாவது போட்டு அனுப்பேன்” என்று சொல்லிவிட்டு அப்பா புரண்டு படுத்துக்கொள்கிறார். அம்மா எழுந்து புடவைப் பெட்டியைத் திறக்கிறாள். வேஷம் போட்டுக்கொள்ளப் போகிற ஆசாமியை மட்டும் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

கேட்டுத்தான் பாருங்களேன். “எனக்கு லாரி டிரைவர் வேஷம் வேணும்” என்று குழந்தை சொல்லலாம். சொன்னால் அதையே போடுங்கள். ஒரு காக்கிச் சட்டை, கழுத்தில் ஒரு துண்டு, கையில் வட்டமாக வெட்டிய அட்டை, முடிந்தது காரியம். தனக்குப் பிடித்த வேஷத்தில் மேடை ஏறும் குழந்தை பயப்படுவது அபூர்வம். தாத்தாவுக்குப் பிடித்த வேஷத்தில் ஏறும் குழந்தைதான் பாதியில் அழுதுகொண்டு இறங்கி வருகிறது.

ஆனால், எல்லாச் சமயத்திலும் இஷ்டம்போல் தேர்ந்தெடுக்க முடிவதில்லை. ஜூலை 15 என்றால் காமராஜர், ஆகஸ்டு 15 என்றால் தேசத் தலைவர்கள், கோகுலாஷ்டமிக்குக் கண்ணன்-ராதை, அக்டோபர் 2-க்கு மகாத்மா, நவம்பர் 14-க்கு நேரு மாமா, டிசம்பர் 11-க்குப் பாரதி என்று பள்ளிக்கூடத்துக் காலண்டரே வேஷத்தை நிர்ணயித்துவிடுகிறது. இருக்கிற தலைவர்களில் யார் சுலபம், யார் கஷ்டம் என்று பார்ப்போம்.

தலைவர்கள் வருகிறார்கள்

செலவே இல்லாத வேஷம் காந்தி மகானுடையதுதான். அந்த அரை வேட்டிக் கோலம் உருவானதே நம் ஊரில்தான் என்பதைக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுங்கள். 1921-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி, மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான் அவர் சட்டையையும் தொப்பியையும் துறந்து ஏழை விவசாயியின் உடைக்கு மாறினார். மேடையில் குழந்தை சொல்வதற்கு இந்த ஒரு விஷயமே போதும். பழநிக்கோ திருப்பதிக்கோ போய் மொட்டையடித்து வந்த குழந்தை வீட்டில் இருந்தால், அந்த வருஷம் காந்தி வேஷத்தை விடவே கூடாது. மொட்டை இல்லாதவர்களுக்கு ரப்பர் தொப்பி விற்கிறது. அது காதுக்கு மேலே இறுகிக் குழந்தையின் தலையை வலிக்கச் செய்யும். தொப்பி இல்லாமலே, கண்ணாடியும் கைத்தடியும் இருந்தால், காந்தி காந்திதான். யாரும் வேறு ஆள் என்று நினைக்கப் போவதில்லை.

காமராஜருக்கு அப்பாவின் வெள்ளைச் சட்டை ஒன்று, வேட்டி ஒன்று, தோளுக்குத் துண்டு. சட்டை தொளதொளவென்று இருந்தால்தான் சரியாக இருக்கும்; ஆகவே பிடித்துத் தைக்கிற வேலையும் மிச்சம். நேருவுக்கு ஒரு ரோஜாப்பூ. கலாமுக்குத் தலைமுடியை நடுவகிடு எடுத்து இருபுறமும் வழியவிட்டு, கொஞ்சம் வெள்ளைப் பவுடரைத் தட்டினால் போதும். பாரதிக்கு முண்டாசும் கறுப்புக் கோட்டும். மீசையை மட்டும் ஒட்டாதீர்கள், வரையுங்கள். கண்மையோ புருவப் பென்சிலோ நன்றாகப் பிடிக்கும். ஒட்டிய மீசை, பையன் வாயைத் திறந்து “நான்தான்...” என்று ஆரம்பித்தவுடன் ஒரு பக்கம் தொங்கிவிடும், அப்புறம் சபையில் சிரிப்புத்தான்.

கட்டபொம்மன் விஷயம் வேறு. 1799 அக்டோபர் 16-ந் தேதி கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட அந்த வீரன் எப்படி இருந்தான் என்பதைவிட, 1959-ல் வெளிவந்த படத்தில் சிவாஜி கணேசன் எப்படி இருந்தார் என்பதுதான் நம் கண்ணில் நிற்கிறது. முறுக்கு மீசை, ஜரிகை அங்கி, இடையில் வாள் எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். வசனமும் அப்படியே. ஆறு வயதுப் பையனை அந்த நீள வசனத்தை ஒப்பிக்க வைப்பது பார்க்கிறவர்களுக்கு விருந்து, பையனுக்குத் தண்டனை. நான்கு வாக்கியத்துக்கு மேல் எந்தக் குழந்தைக்கும் கொடுக்காதீர்கள். எல்.கே.ஜி. என்றால் இரண்டு.

ஔவையார் வேஷமும் இப்படித்தான். 1953-ல் ஜெமினியின் படத்தில் கே. பி. சுந்தராம்பாள் தடியூன்றி வந்தாலும் வந்தார், அன்று முதல் ஔவை என்றால் நரைத்த தலையும் நெற்றி நிறைய நீறும் என்றாகிவிட்டது. ஔவை என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட புலவர்கள் இருந்தார்கள் என்பது அறிஞர்கள் முடிவு. சங்க காலத்து ஔவை, அதியமானின் அவையில் இருந்தவர். தொண்டைமானிடம் தூது சென்றவர். அவருக்கு நரைமுடி ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஒரு நல்ல புடவையும் கையில் ஓலைச்சுவடியும் கொடுத்து, “நான் தூது போன ஔவை” என்று உங்கள் பெண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். பத்துக் கிழவிகளுக்கு நடுவில் அவள் தனியாகத் தெரிவாள்.

பெண் குழந்தைகளுக்கு ஜான்சி ராணியை விட்டால் கதி இல்லை என்று நினைக்கிறவர்களும் உண்டு. அந்த ராணி வாளெடுப்பதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே, 1780-ல், இழந்த சிவகங்கைச் சீமையை மீட்டுக்கொண்டவர் வேலு நாச்சியார். அதே பட்டுப் புடவை, அதே அட்டைக் கத்திதான். சொல்லுகிற கதை மட்டும் நம்முடையது.

ஒரு காட்சி வேண்டவே வேண்டாம்

கட்டபொம்மன், பகத்சிங் வேஷம் என்றால் சிலருக்குத் தூக்குக் கயிறு இல்லாமல் திருப்தி ஏற்படுவதில்லை. 2022-ம் வருஷம் கர்நாடகத்தில் சித்திரதுர்க்கா நகரில், பள்ளி விழாவுக்காக பகத்சிங்கின் தூக்குக் காட்சியை வீட்டில் தனியே ஒத்திகை பார்த்த சிறுவன் உயிரிழந்தான். ஆசிரியர்களும் பெற்றோரும் இதை ஒருபோதும் மறக்கக் கூடாது. கழுத்தில் கயிறு, தாவணி, பெல்ட் எதுவும் கூடாது, விளையாட்டுக்கும் கூடாது. வேஷம் முடிந்த பிறகும் குழந்தை நாலைந்து நாள் அதையே நடித்துக்கொண்டிருக்கும். அப்போது பக்கத்தில் நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

இன்னொரு வேஷத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘குறத்தி’ வேஷம் வெகுகாலமாக நம் பள்ளிகளில் நடந்துவருகிறது. பாசிமணி, கூடை, கொச்சைப் பேச்சு, சபையில் சிரிப்பு. அந்தச் சமூகத்துக் குழந்தைகளும் இன்று பள்ளிக்கூடம் வருகிறார்கள். அதே சபையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தங்கள் தாயாரும் பாட்டியும் உடுத்துகிற உடை சிரிப்புக்குரிய வேஷமாக மேடையில் வருவதைப் பார்க்கும்போது அந்தக் குழந்தை எந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும்? குறவன் குறத்தி ஆட்டத்துக்கே 2023-ல் தமிழக அரசு தடை விதித்துவிட்டது. பள்ளி மேடை மட்டும் விதிவிலக்கா? விவசாயி, தபால்காரர், தூய்மைப் பணியாளர் வேஷங்களுக்கும் இதையே சொல்லலாம். தொழிலைக் காட்டுங்கள், கேலி செய்யாதீர்கள். தபால்காரரின் பெண் அதே வகுப்பில் படிக்கிறாள் என்ற நினைவு இருந்தால் போதும்.

மூன்று மணி நேரக் கணக்கு

இனிக் கொஞ்சம் கணக்குப் போடுவோம். போட்டியில் நாற்பது குழந்தைகள். மேடைக்கு வர, பேச, இறங்க ஒரு குழந்தைக்கு மூன்று நிமிஷம். ஆகமொத்தம் இரண்டு மணி நேரம். தலைமை விருந்தினர் தாமதமாக வருவார், மைக் மக்கர் செய்யும். மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பத்தெட்டாவது நம்பர் சீட்டு உங்கள் குழந்தைக்கு விழுந்தால், மேடையில் நிற்கும் இரண்டு நிமிஷத்துக்காக அது அவ்வளவு நேரமும் வேஷத்திலேயே காத்திருக்க வேண்டும். ஆகவே, வேஷம் மேடையில் எப்படி இருக்கும் என்று மட்டும் பார்த்தால் போதாது. அதைப் போட்டுக்கொண்டு குழந்தை தரையில் உட்கார முடியுமா? தண்ணீர் குடிக்க முடியுமா? ஒன்றுக்குப் போக முடியுமா? இந்த மூன்றில் ஒன்று முடியாது என்றாலும் அந்த வேஷத்தை விட்டுவிடுங்கள்.

தக்காளி, கத்தரிக்காய் வேஷங்கள் இந்தப் பரீட்சையில் தோற்றுப்போகின்றன. ஸ்பாஞ்சில் உருண்டையாகத் தைத்த தக்காளிக்குள் நுழைந்த குழந்தை உட்கார முடியாமல், கையை மடக்க முடியாமல், வியர்த்துக் கொட்டி உண்மையாகவே தக்காளி நிறமாகிவிடுகிறது. காய்கறி வேஷம்தான் வேண்டும் என்று டீச்சர் சொன்னால், அட்டையில் வரைந்து முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகத் தோளில் நாடா கட்டித் தொங்கவிடுங்கள். முறை வரும்போது மாட்டினால் போதும். சுற்றுச்சூழல் என்று தலைப்புக் கொடுத்தால் இன்னும் சுலபம்: 2021 டிசம்பரில் தமிழக அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை ஆரம்பித்தது அல்லவா? கல்யாண வீட்டில் கொடுத்த இரண்டு மூன்று மஞ்சள் பைகளைப் பிரித்துச் சேர்த்துத் தைத்தால் குழந்தையே ஒரு மஞ்சப்பை!

வாடகைக் கடை

சென்னை, மதுரை, கோவை போன்ற ஊர்களில் வாடகைக்கு உடை கொடுக்கும் கடைகள் நிறைய இருக்கின்றன. உள்ளே நுழைந்ததும் கடைக்காரர் வயதைத்தான் கேட்பார். நீங்கள் வயதைச் சொல்லாமல் உயரத்தைச் சொல்லுங்கள். முடிந்தால் குழந்தையையே அழைத்துப் போங்கள். இடுப்பு நாடா இருக்கிறதா, கிரீடத்தின் உள்ளே கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறதா, கழுத்துப் பட்டியில் போன வாரத்துக் குழந்தையின் பவுடர் அப்பிக் கிடக்கிறதா என்று விரித்துப் பார்த்து வாங்குங்கள். முன்பணம் கட்டிய ரசீதில், திருப்பித் தர வேண்டிய நேரத்தையும் எழுதி வாங்கிக்கொள்வது உத்தமம்.

சில நூறு ரூபாய்தானே என்று பலருக்குத் தோன்றும். தினக் கூலிக்குப் போகும் வீட்டில் அது ஒரு நாள் சம்பளம். போட்டி நாளன்று வகுப்பில் சில குழந்தைகளுக்கு மாத்திரம் காய்ச்சல் வந்துவிடுகிறதே, அது என்ன காய்ச்சல் என்பது டீச்சர்களுக்குத் தெரியும். கடையில் வாடகைக்கு எடுத்த உடைக்குப் பரிசு கிடையாது என்று பள்ளிக்கூடம் ஒரே ஒரு விதி செய்தால் அந்தக் காய்ச்சல் பறந்துவிடும். பழைய நியூஸ்பேப்பர், சாக்கு, தென்னை ஓலை, தாத்தாவின் வேட்டி இவற்றை வைத்துக்கொண்டு ஏழைக் குழந்தையும் பணக்காரக் குழந்தையும் சமமாக மேடையேறலாம். நடுவர்களுக்கும் அலுப்புத் தட்டாது; ஒரே கடையிலிருந்து வந்த ஏழு கண்ணன்களில் யார் முதல் என்று அவர்கள்தான் எப்படிச் சொல்வார்கள், பாவம்!

முகத்தில் பூசுவது

வேஷம் போடுவதை ‘அரிதாரம் பூசுவது’ என்கிறோம். அரிதாரம் என்பது ஆர்ஸனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் நிறத் தாதுப்பொருள், அதாவது விஷம். அந்தக் காலத்து நடிகர்கள் அதைத்தான் முகத்தில் பூசிக்கொண்டார்கள். பொருள் போய்விட்டது, பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது. ஆனால், கண்ட சாயத்தையும் முகத்தில் பூசும் வழக்கம் முழுவதும் போய்விட்டதா என்றால், இல்லை. கண்ணனுக்கு நீலம் வேண்டும் என்று துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்துப் பூசுகிறார்கள். சுவர்ப் பெயிண்ட், போஸ்டர் கலர், கடைச் செந்தூரம் ஆகியவையும் முகத்துக்கு ஆகாதவை. செந்தூரத்தில் ஈயம் கலந்திருப்பது உண்டு. தோலுக்கென்றே செய்த சாயம் கடைகளில் கிடைக்கிறது. அதையும் முதல் நாளே முழங்கையின் உட்புறம் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள். சிவந்து தடித்தால் வேண்டாம். கண்ணனுக்கு நீலம் கட்டாயமா என்ன? மயிற்பீலியும் புல்லாங்குழலும் இருந்தால், மாநிறக் கண்ணனும் கண்ணன்தான்.

தாடிக்குப் பஞ்சை ஃபெவிகாலால் முகத்தில் ஒட்டுவது கூடவே கூடாது. வலைத்துணியில் பஞ்சைத் தைத்து, எலாஸ்டிக் கட்டிக் காதில் மாட்டிவிடுங்கள். முறை வரும்வரை அது அம்மாவின் கைப்பையிலேயே இருக்கலாம். வள்ளுவருக்கும் மூச்சு முட்டாது.

வீட்டுக்கு வந்ததும் சோப்பைத் தேடாதீர்கள். முதலில் தேங்காயெண்ணெய். பஞ்சில் தொட்டு மெதுவாகத் துடைத்தால் சாயம் எண்ணெயோடு வந்துவிடும். அப்புறம் சோப்பும் வெந்நீரும். காதுக்குப் பின்னாலும் கழுத்து மடிப்பிலும் இருக்கும் சாயம் அன்றைக்குப் போகாது. இழுத்துத் தேய்த்துப் புண்ணாக்காமல், தலையணைக்குப் பழைய உறையாக ஒன்றைப் போட்டுப் படுக்க வையுங்கள்.